கம்பியில்லாத் தொடர்பாடலிற் சமிக்ஞை உணர்தல் – ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

கலந்து வரும் பல ஒலிகளுள் தனக்கு வேண்டிய ஒன்றைப் பிரித்தறியும் ஆற்றல் மனிதச் செவிக்கு இயல்பாக வாய்த்ததொன்றாகும். ஆனி மாதத்திலே கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருவிழா நாளில், மணியோசையும் மன்றாட்டும் வீதி வியாபாரிகளின் கூவலும் ஒருங்கே எழும் கூட்டத்தின் நடுவே, தாய் தன் பிள்ளையின் குரலை இனங்கண்டு திரும்புகின்றாள். அவளே ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றால் அவ்வளவு எளிதாக அக்குரலைப் பிரித்தறிய மாட்டாள். இரு செவிகள் இரு வேறு இடங்களிலிருந்து கேட்பதனாலேயே குரல்கள் ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிகின்றன.

இந்த எளிய உண்மையைக் கம்பியில்லாத் தொடர்பாடல் முற்றாகக் கைக்கொள்வதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒவ்வொருவர் கையிலும் உள்ள தொலைபேசி, ஒன்றுக்கு மேற்பட்ட வான்கம்பிகளைத் தன்னுள் அடக்கியது. அன்ரனா எனப்படும் அந்த வான்கம்பிகள் பலவற்றைக் கொண்டு, ஒரே மீடிறனில் ஒரே வேளையில் வரும் பல சமிக்ஞைகளைப் பிரித்துணரும் கலை எவ்வாறு உருவாயிற்று என்பதை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வரலாறு வெறுங் கருவிகளின் வரலாறன்று. தடையென்று கருதப்பட்ட ஒன்றே வழியென்று உணரப்பட்டதன் வரலாறு என்பதை மேல்வருவன காட்டும்.

முதற் செவிகள்

மின்காந்த அலையை அனுப்புவதைக் காட்டிலும் அது வந்து சேர்ந்ததை உணர்வதே முன்னோடிகளுக்குப் பெருஞ் சிக்கலாக இருந்தது. 1895ஆம் ஆண்டிற் கல்கத்தாவிலே ஜகதீச சந்திர போஸ், மிகக் குறுகிய அலைநீளமுடைய அலைகளைச் சுவர்களினூடு செலுத்தி மணியொன்றை ஒலிக்கச் செய்து காட்டினார். 1899இல் அவர் வெளியிட்ட இரசத்தாலான உணர்கருவியும், 1904இல் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்ட கலீனாப் படிக உணர்கருவியும் இத்துறையின் முதற் செவிகளுள் வைத்தெண்ணத் தக்கன. 1901ஆம் ஆண்டு டிசெம்பரில் மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்த சமிக்ஞையைக் கேட்டபோது பயன்படுத்தியதும் இரச உணர்கருவியின் ஒரு வகையே. 1904இல் பிளெமிங் ஆக்கிய இருவாய் வால்வு இவற்றுக்குப் பின் வந்தது.

கொழும்புக்கு இக்கலை விரைவிலேயே வந்தடைந்தது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராகவிருந்த எட்வேட் ஹாப்பர் என்பவர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு செலுத்தியொன்றை அமைத்து, மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறையொன்றிலிருந்து இசைத்தட்டு இசையைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி வெலிக்கடையிலிருந்து ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் நிறுவிய வானொலி 1949இல் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட, அதன் ஆற்றல் மிக்க சிற்றலைச் செலுத்தியும் நமதாயிற்று. அச்செலுத்தியின் வலிமையினாலேயே இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, பாக்குநீரிணையைக் கடந்து தமிழக மக்களின் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் குடிபுகுந்தது.

நலிவும் அதன் காரணமும்

அக்காலத்திற் சிற்றலை வானொலி கேட்டோர் யாவரும் ஓர் அனுபவத்தை நன்கறிவர். பாடல் தெளிவாக ஒலித்துக்கொண்டிருக்கும், திடீரென மெலியும், சில கணங்களின் பின் தானே மீளும். செலுத்தியிற் பிழையில்லை, வாங்கியிலும் பிழையில்லை. எனின் இந்நலிவுக்குக் காரணம் யாது?

சிற்றலையானது வானின் உயரத்தேயுள்ள அயன மண்டலத்தில் முறிவுற்றுத் திரும்பி வருவது. அது ஒரே பாதையில் வருவதில்லை. பல பாதைகளால் வருகின்றது. ஓர் அலையின் முடியும் மற்றோர் அலையின் முடியும் ஒன்றுசேரின் ஒலி வலுக்கும். முடியும் தாழியும் சேரின் ஒன்றையொன்று அழிக்கும். பாதைகளின் நீளங்கள் கணந்தோறும் மாறுவதால் வலுவும் நலிவும் மாறிமாறி வருகின்றன. ஆகவே நலிவு என்பது சமிக்ஞை இன்மையால் நேர்வதன்று. சமிக்ஞை பல வழிகளால் மிகுதியாக வருவதனாலே நேர்வது. இம்முரண் ஈண்டு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பிற்கால வளர்ச்சி அனைத்துக்கும் இதுவே வித்து.

இதற்கான முதற் பரிகாரம் அமெரிக்காவிலே கண்டறியப்பட்டது. நியூயோர்க்கின் லோங் ஐலண்டிலுள்ள றிவர்ஹெட் என்னுமிடத்தில் பெவரேஜ், பீற்றர்சன் என்னும் இரு பொறியியலாளர் ஒன்றுக்கொன்று தொலைவிலே வான்கம்பிகளை நாட்டி, அவற்றின் வெளியீடுகளை இணைத்துப் பயன்படுத்தும் முறையை 1931இல் வெளியிட்டனர். ஓரிடத்தில் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் அதே கணத்தில் மற்றோரிடத்தில் அவை வலுத்திருத்தல் கூடும். ஒரு வான்கம்பியில் நலிவு நேரும் வாய்ப்பு பத்தில் ஒன்றாயின், ஒன்றையொன்று சாராத மூன்று வான்கம்பிகளிலும் ஒருங்கே நலிவு நேரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றாகக் குறையும். இதனைப் பன்மை வாங்கல் எனலாம்.

ஆயினும் இம்முறை தடையைத் தாங்கிக்கொள்ளும் முறையேயன்றி அதனைப் பயன்கொள்ளும் முறையன்று. பல வான்கம்பிகள் இருந்தும் அவையாவும் ஒரே செய்தியையே கேட்டன. அவை வெவ்வேறு செய்திகளை ஒரே மீடிறனிற் கேட்டல் கூடும் என்னும் எண்ணம் அறுபது ஆண்டுகள் வரை எவராலும் முழுமையாக முன்வைக்கப்படவில்லை.

கடலடியிற் கேட்டல்

இந்த எண்ணத்துக்கு வழி சமைத்தவர்களுள் முதன்மையானவர் ஆரோக்கியசாமி போல்ராஜ் ஆவார். 1944ஆம் ஆண்டு தமிழகத்தின் பொள்ளாச்சியிற் பிறந்த இவர், இளமையிலேயே இந்தியக் கடற்படையிற் சேர்ந்தவர். பின்னர் டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இந்திரேசன் என்னும் பேராசிரியரின் வழிகாட்டலிற் சமிக்ஞைக் கோட்பாட்டில் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1971ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி, இந்திய பாகிஸ்தான் போரின்போது, குக்ரி என்னும் இந்தியப் போர்க்கப்பல் பாகிஸ்தானிய நீர்மூழ்கியொன்றினால் அரபிக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 190க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எதிரி நீர்மூழ்கியை உரிய வேளையில் உணர முடியாமற் போனமை கடற்படையைப் பெரிதும் உலுக்கிற்று. குளிர்கடலுக்கென அமைக்கப்பட்ட பிறநாட்டு ஒலியுணர் கருவிகள், மேற்பரப்பு வெம்மையால் ஒலி வளைந்து செல்லும் நமது கடல்களுக்கு முற்றும் பொருந்துவனவாக இருக்கவில்லை. முதலிற் பழைய கருவியைத் திருத்தும் பணியும், பின்னர் முற்றிலும் புதியதொன்றை ஆக்கும் பணியும் போல்ராஜிடம் ஒப்படைக்கப்பட்டன. அப்சோ எனப் பெயர்பெற்ற அக்கருவி 1983இற் கடற்படையின் சேவையிற் சேர்ந்தது.

நீர்மூழ்கியைக் கேட்கும் கருவியில் ஒரு செவி போதாது. பல உணரிகளை ஒழுங்காக அடுக்கி, ஒரே ஒலி அவை ஒவ்வொன்றையும் வந்தடையும் நேர வேறுபாட்டைக் கணித்து, அது எத்திசையிலிருந்து வருகின்றது என்பதைத் தெளிதல் வேண்டும். இரைச்சலும் எதிரொலியும் நிறைந்த கடலிலே பல செவிகளால் ஒரு குரலைப் பிரித்தெடுக்கும் பயிற்சி இது. உயிரிழப்பு ஒன்றிலிருந்து பிறந்த இக்கலை பின்னர் பல கோடி மக்களின் உரையாடலுக்கு உதவப்போகின்றது என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

தடை வழியாதல்

1991இற் கடற்படைப் பணியினின்றும் விலகிய போல்ராஜ், அமெரிக்காவின் ஸ்ரன்போட் பல்கலைக்கழகத்திலே தோமஸ் கைலாத் என்னும் பேராசிரியரின் ஆய்வுக் குழுவிற் சேர்ந்தார். கைலாத்தும் இந்தியாவிலே, பூனா நகரிற் பிறந்தவரே. வான்வழிக் கண்காணிப்பின் பொருட்டு ஒரே மீடிறனில் வரும் சமிக்ஞைகளைப் பிரித்தறியும் ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது, சிதறல் மிகுந்த சூழலில் அவை பிரிவது எளிதாவதைப் போல்ராஜ் கவனித்தார். சிதறல் பிரித்தறிதலைக் கெடுக்கும் என்பதே வழமையான எதிர்பார்ப்பு. நேர்ந்ததோ அதற்கு மறுதலை.

காரணம் பின்வருமாறு. இரு செலுத்திகள் அருகருகே நிற்க, இடையே வெட்டவெளியே இருப்பின், அவற்றின் அலைகள் ஏறத்தாழ ஒரே விதமாகவே வாங்கியை வந்தடையும். பிரித்தறிய வேறுபாடு ஏதும் இராது. இடையே சுவர்களும் தூண்களும் இருப்பின், ஒவ்வோர் அலையும் அவற்றிற் பட்டுத் தெறித்து வெவ்வேறு வழிகளால் வரும். வாங்கியின் ஒவ்வொரு வான்கம்பியிலும் இரு செய்திகளும் வெவ்வேறு விகிதத்திற் கலந்திருக்கும். அந்த விகித வேறுபாடே பிரித்தறிதலுக்கான திறவுகோல்.

இக்கருத்துக்கான காப்புரிமை விண்ணப்பம் 1992இற் சமர்ப்பிக்கப்பட்டு 1994இற் போல்ராஜ், கைலாத் ஆகிய இருவர் பெயரிலும் வழங்கப்பட்டது. தொடக்கத்தில் ஐயுறவே மிகுந்திருந்தது. ஆயினும் பெல் ஆய்வுகூடத்திலே தெலத்தார் 1995இலும், பொஷினி 1996இலும் தனித்தனியே செய்த கணிதப் பகுப்பாய்வுகள் இக்கருத்தின் ஆற்றலை நிறுவின. 1948இல் ஷனன் வகுத்த விதியின்படி, வலு மிகுந்த நிலையில், ஒரு வான்கம்பி கொண்டு ஒவ்வொரு ஹேர்ட்சிலும் செக்கனுக்கு ஒரு பிற் தகவலை மேலதிகமாக அனுப்புவதற்கு வலுவை இருமடங்காக்க வேண்டும். பத்துப் பிற்றுகளை மேலதிகமாக அனுப்ப வலு ஆயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். ஆனால் இருபுறமும் வான்கம்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலோ, சிதறல் மிகுந்த சூழலிற் கொள்ளளவு அவ்வெண்ணிக்கைக்கு நேர்விகிதமாக ஏறத்தாழ உயர்கின்றது. மீடிறன் என்னும் பொதுச்சொத்தினைப் பெருக்கவியலாது. அதனைப் பன்முறை பயன்படுத்தலாம் என்பதே இதன் பொருள்.

பிரித்துணரும் பிரச்சினை

இனி, கலந்து வந்ததை வாங்கி எவ்வாறு பிரிக்கின்றது என்பதை நோக்குவோம். இரு செலுத்து வான்கம்பிகள் முறையே ச, த என்னும் இரு செய்திகளை அனுப்புவதாகவும், ஒவ்வொன்றும் +1 அல்லது –1 ஆக மட்டுமே இருக்கலாம் எனவும் கொள்வோம். முதலாவது வாங்கு வான்கம்பியில் இரண்டின் கூட்டுத்தொகையும், இரண்டாவதில் அவற்றின் வித்தியாசமும் கிடைப்பின், பள்ளி மாணவரும் ச, த இரண்டையும் கண்டுவிடுவர். ஒருங்கமை சமன்பாடுகள் தாமே!

ஆயின் நடைமுறை அத்துணை எளிதன்று. முதலாவதில் ச + த எனவும் இரண்டாவதில் ச + 1.1 த எனவும் கிடைப்பதாகக் கொள்க. அனுப்பப்பட்டவை இரண்டும் +1 எனின், 2 உம் 2.1 உம் வருதல் வேண்டும். இரைச்சல் காரணமாக 2.15 உம் 2.0 உம் வந்துவிட்டன எனக் கொள்வோம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 0.1 த = –0.15, அதாவது த = –1.5. ஆகவே த என்பது –1 எனத் தவறாக முடிவு செய்யப்படும். சமன்பாடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்போது, தீர்வு காணும் செயலே சிறு இரைச்சலைப் பத்து மடங்காகப் பெருக்கிவிடுகின்றது.

இதற்கு மாறாக, அனுப்பப்பட்டிருக்கக்கூடிய நான்கு சோடிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அச்சோடிக்கு எவை வந்திருக்க வேண்டும் எனக் கணித்து, உண்மையில் வந்தவற்றுடன் ஒப்பிடுவோமாயின், 2 உம் 2.1 உம் ஆகிய சோடியே மிக அண்மையிலிருப்பது தெரியவரும். விடை சரியாகின்றது. அதியுயர் நேர்தகவு உணர்தல் எனப்படும் இம்முறையே, எல்லாச் சோடிகளும் சம வாய்ப்புடையனவாயின், மிகக் குறைந்த பிழையைத் தருவது. ஆனால் அதற்குரிய விலை மிகப் பெரிது. ஒவ்வொரு வான்கம்பியும் பதினாறு குறிகளுள் ஒன்றை அனுப்புமாயின், நான்கு வான்கம்பிகளுக்கு 65,536 சேர்க்கைகளையும், எட்டு வான்கம்பிகளுக்கு 429 கோடிக்கு மேற்பட்ட சேர்க்கைகளையும் ஒவ்வொரு குறிநேரத்திலும் ஒப்பிட்டாதல் வேண்டும். கையிலடங்கும் கருவிக்கு இஃது இயலாத செயல்.

இந்த இரு எல்லைகளுக்கும் இடையே வழி காண்பதே அடுத்த கால்நூற்றாண்டின் ஆய்வுப் பொருளாயிற்று. 1998இற் பெல் ஆய்வுகூடத்தினர், கலந்து வந்தவற்றுள் மிகத் தெளிவானதை முதலில் உணர்ந்து, அதன் பங்கைக் கழித்து, எஞ்சியதிலே அடுத்ததை உணரும் படிமுறையைச் செயலிற் காட்டினர். கூட்டத்திலே உரத்த குரலை இனங்கண்டு ஒதுக்கிவிட்டு மெல்லிய குரலுக்குச் செவி கொடுப்பதை ஒத்தது அது. ஆயினும் முதலில் எடுத்த முடிவு பிழையாயின், அப்பிழை பின்வருவன அனைத்தையும் பற்றும்.

மற்றொரு வழி தூய கணிதத்திலிருந்து வந்தது. 1980களிற் போஸ்ற், பிங்கே ஆகியோர் எண்ணியற் சாலகங்களிற் குறுகிய காவியைக் காணும் பொருட்டு வகுத்த முறையை, 1999இல் விற்றெர்போ, பூற்றோஸ் ஆகிய இருவரும் கம்பியில்லாத் தொடர்பாடலுக்குப் பயன்படுத்தினர். வந்த சமிக்ஞையை மையமாகக் கொண்டு ஒரு கோளத்தை வரைந்து, அதனுள் அகப்படும் சேர்க்கைகளை மட்டும் ஆராய்தலே அம்முறை. ஒரு துறையிற் பயன்கருதாது செய்யப்பட்ட ஆய்வு, எதிர்பாராத பிறிதொரு துறையிற் பயனாவதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

நமது நகரத்திலே

தென்னாசியாவிலே முதன்முதலாகக் கையடக்கத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது இலங்கையிலேயே. அது 1989ஆம் ஆண்டில். அன்றைய கருவி செல்வர் சிலரின் கையிலிருந்தது. ஏனையோர் நிலை வேறு. 1983இன் பின் உறவினர் பலர் கடல்கடந்து சென்றுவிட, வெள்ளவத்தைக் காலி வீதியின் தொலைபேசிக் கடைகளிலே வெளிநாட்டு அழைப்புக்காகக் காத்திருந்த தாய்மாரும் தந்தையரும் பலர். நிமிடத்துக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டு, விட்டுவிட்டு ஒலிக்கும் குரலில் மகனின் நலனை அறிந்து திரும்பிய காலமது. 2006இல் மூன்றாந் தலைமுறைச் சேவையும், 2013இல் நான்காந் தலைமுறைச் சேவையும் இந்நாட்டில் வர்த்தக அடிப்படையிற் பரவத் தொடங்கின. பல்வான்கம்பி முறை நான்காந் தலைமுறையின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்று. இன்று அதே தாய் தன் வீட்டிலிருந்தே பேரப்பிள்ளையின் முகத்தைக் காண்கின்றாள்.

நகரத்தின் அமைப்பும் இதனோடு தொடர்புடையது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இன்று மாடிக்கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. கொட்டாஞ்சேனையிலோ புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்தைச் சூழ்ந்து பழைய வீடுகளும் துறைமுகத்தை அண்டிய பண்டகசாலைகளும் செறிந்துள்ளன. 1800 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் அலைநீளம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். அதன் அரைவாசி நான்கு விரற்கிடை அளவினது. ஆகவே தெறிப்பு மிக்க இவ்வொழுங்கைகளிற் கருவியை நான்கு விரற்கிடை நகர்த்தினாலும் நலிவு வலுவாக மாறலாம். பழைய முறையில் இச்சுவர்கள் பகையாயின. புதிய முறையிலோ அவையே செய்திகளை வேறுபடுத்தித் தரும் துணையாயின. பெருஞ் சுவர் அலையை முற்றாக மறைக்குமிடத்து எம்முறையும் பயன்படாது. வலு ஓரளவேனும் வந்தடையுமிடத்தே இது பொருந்தும். மறுபுறம், தடையேதுமற்ற கடற்பரப்பிலே, செலுத்தியை நேரே காணுமிடத்தில், வலு மிகுந்திருந்தும் பல செய்திகளைப் பிரித்தனுப்பும் ஆற்றல் குன்றும். தடையற்ற வெளியே எப்போதும் சிறந்த வழியன்று என்பது எத்துணை வியப்புக்குரியது!

முடிவுரை

1982இல் மார்க்கோனிப் பரிசைப் பெற்றவர் கொழும்பிலே வாழ்ந்தவரும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கியவருமான ஆதர் சீ. கிளார்க். செய்மதிகளை வானில் நிறுத்தித் தொடர்புகொள்ளலாம் என 1945இலேயே எழுதியவர் அவர். 2014இல் அப்பரிசு போல்ராஜுக்கு வழங்கப்பட்டது. முன்னவர் தடைகளுக்கு மேலாக உயர்ந்து செல்ல வழி கூறினார். பின்னவர் தடைகளினூடாகவே செல்ல வழி கண்டார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கருவியை நுகர்வோராக மட்டும் இருந்துவிடின், அதன் பின்னாலுள்ள சிந்தனை நமக்கு அந்நியமாகவே இருக்கும். வெள்ளவத்தையில் 57ஆம் ஒழுங்கையிலே கொழும்புத் தமிழ்ச் சங்கம் நிற்கின்றது. 1942இல் தொடங்கிய அச்சங்கத்தின் நூலகத்திலே அமர்ந்து தமிழ் பயிலும் மாணவனும், கட்டுபெத்தையிலே தாயங்களையும் சமன்பாடுகளையும் பயிலும் மாணவனும் வெவ்வேறு உலகத்தவரல்லர். போஸும் போல்ராஜும் பெரிய ஆய்வுகூட வசதியால் மட்டும் உயர்ந்தவரல்லர். மற்றையோர் இரைச்சலென்று ஒதுக்கியதைச் செவிகொடுத்துக் கேட்டமையே அவர்தம் பெருமை. நம் சூழலில் தடைகள் பலவுள. அவற்றை வெறுந் தடைகளாகவே எண்ணிச் சோர்வதா, அன்றி அவை எவ்வெவ்விடத்தில் எவ்வெவ்வாறு தெறிக்கின்றன என ஆராய்ந்து அளப்பதா என்பதே மாணவ உலகின் முன்னுள்ள வினா. அளக்கத் தொடங்கியவர்களே வழி கண்டனர் என்பதற்கு இவ்வரலாறு சான்று பகரும்.